நான் தலைகீழாகத் திருப்பிய மலை

கம்ப்யூட்டர் தப்பு செய்துவிட்டது என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். பாங்கில் சொன்னாலும் சரி, ரயில்வே கவுன்ட்டரில் சொன்னாலும் சரி, எதிரே உட்கார்ந்திருப்பவர் சின்ன வயசா பெரிய வயசா என்றெல்லாம் பார்க்க மாட்டேன். "கம்ப்யூட்டருக்குக் கையா முளைச்சிருக்கு? அடிச்சது யாரு, அவங்க பேரைச் சொல்லுங்க" என்று சத்தம் போட்டுவிடுவேன். வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். என் வீட்டுக்காரர் என்னோடு பாங்குக்கு வருவதையே நிறுத்திவிட்டார். வராமல் இருக்கட்டும். இந்தக் கோபத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது, அதை இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

எண்பதுகளின் பிற்பாதி. கொடைக்கானலில் ஏரியை விட்டு மேலே ஏறுகிற ஒரு ரோட்டில், தகரக் கூரை போட்ட பழைய பங்களா ஒன்றில் எங்கள் ஆபீஸ் இருந்தது. மலையில் எது காடு, எது விவசாயம், எது வெறும் புல் என்று வானத்திலிருந்து எடுத்த படத்தை வைத்துப் பிரிக்கிற திட்டம். நான் பெருமாள்மலைக்காரி. மிஷன் ஸ்கூலில் படித்ததால் கொஞ்சம் இங்கிலீஷ் வரும், டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியிருந்தேன். அந்த இரண்டையும் வைத்து என்னைக் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் என்று எடுத்துக்கொண்டார்கள். தினமும் வெள்ளனே எழுந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, ஸ்வெட்டருக்கு மேலே சால்வையும் போர்த்திக்கொண்டு போய் அந்த அறையைத் திறப்பேன்.

அறையில் இரண்டு நூறு வாட் பல்புகள் எப்போதும் எரியும். வெளிச்சத்துக்கு இல்லை, ஈரத்தை விரட்ட. எங்கள் மலையின் மூடுபனி ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஃப்ளாப்பி என்று சொல்வோமே, அந்தச் சதுரமான கருப்புத் தகடு, அது ஈரம் பட்டால் பூஞ்சை பிடித்துவிடும். பிடித்தால் படம் போச்சு. அதனால் ஃப்ளாப்பிகளை எல்லாம் பிஸ்கட் டின்னில் பச்சரிசி கொட்டி, அதன்மேல் காகிதம் விரித்து வைத்திருந்தேன். அரிசி ஈரத்தைக் குடித்துக்கொள்ளும். அந்த யோசனை என்னுடையது. மேலிருந்து வந்த புத்தகம் எதிலும் அது இல்லை. எங்கள் அதிகாரி அதைப் பார்த்து, "என்னம்மா, கம்ப்யூட்டருக்குப் பொங்கல் வைக்கிறியா?" என்று கிண்டல் செய்தார். அடுத்த மழைக்காலத்தில் தன் ஃப்ளாப்பிகளையும் என் டின்னில் கொண்டுவந்து வைத்தார்.

என் சோலி என்ன என்று சொல்லிவிடுகிறேன். வானத்திலிருந்து எடுத்த படம் படமாக வராது, எண்களாக வரும். கீழே சமவெளியில் உள்ள பெரிய கம்ப்யூட்டரில் டேப்பிலிருந்து பிரித்து, எங்களுக்கு ஃப்ளாப்பியில் அனுப்புவார்கள். ஒரு வரி பச்சை வெளிச்சம், அடுத்த வரி சிவப்பு வெளிச்சம், அதற்கடுத்த வரி கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் என்று மூன்றும் கலந்து கிடக்கும். எங்கள் சின்னக் கம்ப்யூட்டருக்கு அப்படிக் கொடுத்தால் புரியாது. பச்சை எல்லாம் ஒரு ஃபைல், சிவப்பு எல்லாம் ஒரு ஃபைல் என்று பிரித்து மாற்றிக் கொடுக்க வேண்டும். இன்றைக்கு மாதிரி அம்புக்குறியை வைத்து அழுத்துகிற வேலை இல்லை. கருப்புத் திரையில் ஒரே வரி அடிக்க வேண்டும். முதலில் மாற்றுகிற புரோகிராமின் பெயர், பிறகு பழைய ஃபைலின் பெயர், புது ஃபைலின் பெயர், குறுக்கே எத்தனை புள்ளி, நெடுக எத்தனை வரி. ஒரு எண் பிசகினாலும் மலை எல்லாம் சாய்ந்து, கிழிந்த பாய் மாதிரி வந்து நிற்கும். நான் பிசகியதே இல்லை. அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இப்படி மாற்றிய ஃபைலுக்குள் எண்கள் மட்டும்தான் இருக்கும். எது வடக்கு, எது தெற்கு, எந்த ஊர், எதுவும் இருக்காது. மாற்றியவர் ஃப்ளாப்பிமேல் ஒட்டுகிற லேபிளில் எழுதினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அதனால் நான் லேபிளில் எல்லாவற்றையும் எழுதுவேன். அடித்த கட்டளையை ஒரு நீளப் பதிவேட்டிலும் எழுதி வைப்பேன், கரண்ட் போனால் மறுபடி அடிக்க வேண்டுமே.

ஆபீசைப் பெருக்கித் துடைத்து டீ போடுவதற்கு ஒரு அக்கா வருவார். சிலோன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். எழுபதுகளில் குடும்பத்தோடு கப்பலேறி, ரயிலேறி, ஒரு தகரப் பெட்டியோடு இந்த மலைக்கு வந்து சேர்ந்தவர். பல வருஷம் கூலி வேலை செய்த பிறகு, பள்ளங்கிக்கு அந்தப் பக்கம் ஒரு சரிவில், அவரைப் போல வந்த பதினோரு குடும்பத்துக்கு அரசாங்கம் நிலம் ஒப்படைத்தது. ஒரு நிபந்தனை. நிலத்தில் பயிர் செய்ய வேண்டும், செய்யாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். அக்காவும் அவர் புருஷனும் அந்தச் சரிவில் கல் அடுக்கி எட்டுப் படி கட்டினார்கள். எட்டுப் படியிலும் பூண்டும் உருளைக்கிழங்கும். அக்காவின் நகக்கண்ணில் எப்போதும் பூண்டு வாசனை அடிக்கும், டீ டம்ளரிலும் கொஞ்சம் அடிக்கும். அதிகாரி முகம் சுளிப்பார். அக்கா சட்டை செய்ய மாட்டார். "தோட்டத்துத் தொரை நாயோட ஒரே தட்டுல தின்பான், அவனே என் கையால டீ குடிச்சான். இவருக்கு என்னவாம்?" என்று என்னிடம் முணுமுணுப்பார்.

எங்கள் மலையின் படம் முதன்முதலில் திரையில் வந்த அன்று ஆபீசே என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றது. வரிவரியாக மேலிருந்து கீழே இறங்கி வந்தது. அந்தப் படத்தில் மரம் எல்லாம் சிவப்பாகத் தெரியும், உழுத மண் வெளிறித் தெரியும், அதற்கு நாங்கள் பழகியிருந்தோம். ஆனால் வேறு ஒன்று கண்ணை உறுத்தியது. மேடாக இருக்க வேண்டிய மலை முகடுகள் எல்லாம் பள்ளமாக இருந்தன. ஓடை ஓடுகிற பள்ளத்தாக்கு எல்லாம் முதுகு தூக்கிக்கொண்டு நின்றன. துடைப்பத்தோடு நின்ற அக்காதான் முதலில் வாயைத் திறந்தார்.

"இதென்ன தங்கச்சி, மலையெல்லாம் குழியா கெடக்கு?"

படத்தில் தப்பு ஒன்றும் இல்லை. காலையில் எடுத்த படம். சூரியன் தென்கிழக்கில் இருக்கிறது, நிழல் எல்லாம் வடமேற்கில் விழுகிறது. வடக்கை மேலே வைத்துப் பார்த்தால் வெளிச்சம் கீழேயிருந்து அடிக்கிற மாதிரி ஆகிறது. நம் கண் வெளிச்சம் மேலேயிருந்துதான் வரும் என்று நம்பிப் பழகியது. அதனால் மேட்டைப் பள்ளம் என்று நினைத்துக்கொள்கிறது. இதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். சமவெளிக்காரர் யாராவது இந்தப் படத்தைப் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது. எது மேடு, எது பள்ளம் என்று அவர்களுக்கு என்ன தெரியும்? நாங்கள் மலைக்காரர்கள். சொந்த ஊர் மலையைக் குழியாகப் பார்க்க எங்களால் முடியவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து ஒரு பெரிய அதிகாரி திட்டத்தைப் பார்வையிட வருவதாக இருந்தது. எங்கள் அதிகாரிக்கு வியர்த்துவிட்டது, அந்தக் குளிரிலும்.

"ஏம்மா, இதைத் தலைகீழா திருப்பினா மலை மலையாத் தெரியுமா?"

"தெரியும் சார். ஆனா தெற்கு மேல வந்துரும்."

"வரட்டும். அவர் என்ன காம்பஸா வச்சிப் பார்க்கப்போறாரு? வெரசா திருப்பு."

கட்டளையின் கடைசியில் ஒரு சாய்கோடும் ஆர் என்ற எழுத்தும் போட்டால் படம் அரைச் சுற்றுச் சுற்றித் தலைகீழாகிவிடும். போட்டேன். என்டர் தட்டினேன். அடேயப்பா! முகடுகள் எல்லாம் நிமிர்ந்து நின்றன. அத்தனை பேரும் ஆவென்று பார்த்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது? அக்கா கிட்டே வந்து, "நம்ம கொல்லை எங்க இருக்கு தங்கச்சி?" என்று கேட்டார். தலைகீழ் என்பதை மனசில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டு, அக்காவின் கையைப் பிடித்து, ஒரு ஓரத்தில் வெளிறிய சின்னத் திட்டைக் காட்டினேன். அக்கா முந்தானையில் விரலைத் துடைத்துவிட்டு அந்தத் திட்டைக் கண்ணாடிமேல் தொட்டார். "எங்க படிக்கட்டு வானத்துலேருந்தும் தெரியுது பாத்தியா" என்றார்.

அந்தத் திருப்பிய படத்தைத் தனி ஃப்ளாப்பியில் போட்டு, லேபிளில் "பார்வைக்கு மட்டும், தலைகீழ்" என்று ஸ்கெட்ச் பேனாவால் பெரிசாக எழுதி ஒட்டினேன். அசல் ஃப்ளாப்பியை அரிசி டின்னுக்குள் வைத்தேன். மறுநாள் அதிகாரி அந்த லேபிளைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"தலைகீழ்னு எழுதி வச்சிருக்கியே, அந்த மனுஷன் பார்த்தா என்ன நினைப்பாரு? நாம ஏதோ குளறுபடி பண்ணிட்டோம்னுதானே நினைப்பாரு? இதைக் கிழி. நீட்டா டைப் அடிச்சு ஒட்டு. ஷீட் நம்பர், வரி, புள்ளி, போதும்."

கிழித்தேன். டைப் அடித்தேன். ஒட்டினேன். மூன்றையும் செய்தது இந்தக் கை. வாயில் என்ன, கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? "சார், தெற்கு மேலே என்று ஓரத்திலாவது ஒரு சொல் போடலாம்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சொல்லவில்லை. என்னை நிரந்தரமாக்க மேலே எழுதியிருக்கிறேன் என்று அந்த வாரம்தான் அவர் சொல்லியிருந்தார்.

பெரிய அதிகாரி வந்தார், பார்த்தார், "பிரமாதம்" என்றார். போகும்போது அந்த ஃப்ளாப்பியைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார். எங்கள் அதிகாரி வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்து எனக்கு ஒரு கேக் வாங்கிக் கொடுத்தார். அதற்கப்புறம் நான் கேக்கே தொட்டதில்லை.

சமவெளியில் அந்தப் படத்தை எங்கள் மலை மேப்பின்மேல் ஒட்டியிருக்கிறார்கள். நாலு மூலையையும் பொருத்தி ஒட்டிவிட்டார்கள். ஏரி அந்தத் துண்டில் வரவில்லை. வந்திருந்தால் பச்சைக் குழந்தைகூடக் கண்டுபிடித்திருக்கும். அந்தத் துண்டின் ஒரு மூலையில் அடர்ந்த சோலைக்காடு, எதிர்மூலையில் பள்ளங்கிக்கு அந்தப் பக்கத்துச் சரிவு. படம் தலைகீழ். ஆகவே காடு சரிவின்மேல் போய் உட்கார்ந்துகொண்டது. இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. நான் பாட்டுக்கு அடுத்த படத்தை மாற்றிக்கொண்டிருந்தேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் அக்கா பெருக்காமல் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். கையில் ஒரு பழுப்புக் கவர்.

"இதப் படிச்சுச் சொல்லு தங்கச்சி. எங்க ஊட்டுக்காரரு படிச்சாரு, அவருக்கு ஒண்ணும் வெளங்கலயாம். எனக்கும் வெளங்கல."

படித்தேன். வானிலிருந்து எடுக்கப்பட்ட படத்தின்படி தங்களுக்கு ஒப்படைக்கப்பட்ட நிலத்தில் அடர்ந்த காடு காணப்படுவதாலும், சாகுபடி எதுவும் நடைபெறாததாலும், ஒப்படையை ஏன் ரத்து செய்யக்கூடாது என்று நேரில் வந்து விளக்கம் தரவும். பதினோரு குடும்பத்துக்கும் இதே கவர் வந்திருக்கிறது. கீழே இன்னொரு வரி இருந்தது. ஸ்தலத்தில் பார்வையிடப்பட்டது, படத்தின்படி சரி.

ஸ்தலத்தில் பார்வையிட்டானாம்! எவன் பார்வையிட்டான்? அந்தச் சரிவுக்குப் போக வேண்டுமானால் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். மழை நேரம், காலெல்லாம் அட்டை ஏறும். யாரோ ஒரு மகராசன் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டே படத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். எட்டிப் பார்த்திருந்தால் எட்டுப் படி பூண்டு அவன் மூக்கில் ஏறியிருக்கும்.

"காடுன்னு போட்டிருக்கா?" அக்கா சிரித்தார். "நேத்து சாயந்தரந்தான் களை எடுத்தேன். நான் காட்டுலயா களை எடுத்தேன்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கீழேயிருந்து வந்து பிரிக்காமல் கிடந்த மேப் பிரதியை அலமாரியிலிருந்து எடுத்து விரித்தேன். பார்த்த அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. மேப்பை அப்படியே சுற்றித் தலைகீழாக வைத்துப் படத்தோடு பொருத்திப் பார்த்தேன். அச்சு அசலாக உட்கார்ந்தது.

அக்காவிடம் மறைக்கவில்லை, அதையாவது செய்தேன். "அக்கா, அந்தப் படத்தை அன்னைக்குத் திருப்பினேன் இல்லையா, அதை அப்படியே வச்சு மேப் போட்டுட்டாங்க. திருப்பினது நான்தான்" என்றேன்.

அக்கா கவரை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு, "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பனே, எங்க கொல்லைக்கு எந்தப் பக்கம் பொழுது கெளம்புதுன்னு" என்றார். அவ்வளவுதான். வாளியை எடுத்துக்கொண்டு துடைக்கப் போய்விட்டார். திட்டியிருக்கலாம். நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

மேப்பை எடுத்துக்கொண்டு அதிகாரியின் அறைக்குப் போனேன். கதவைத் தட்டக்கூட இல்லை. விரித்துக் காட்டினேன். அவருக்கு விளங்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை, மனுஷன் முட்டாள் இல்லை. முகம் வெளுத்தது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"அக்காவுக்குத் தெரியும் சார். நான்தான் சொன்னேன்."

"அறிவிருக்கா உனக்கு? ரிப்போர்ட் மேல போயாச்சு. டெல்லி வரைக்கும் போகப்போவுது. இப்பப் போய்ப் படம் தலைகீழ்னு சொன்னா என் தலை உருளும்."

"அவங்க நெலம் போயிரும் சார். பதினோரு குடும்பம்."

"விசாரணைன்னு ஒண்ணு இருக்குல்ல? அங்க சொல்லிக்கட்டும். நெலம் எங்கம்மா ஓடிப்போவுது?" அப்புறம் குரலை இறக்கினார். "பதிவேட்டுல அந்தக் கட்டளை உன் கையெழுத்துல இருக்கு. நான் சொன்னேன்னு எங்கயாவது எழுதியிருக்கியா?"

எழுதவில்லை. பதிவேட்டில் கட்டளைக்கு இடம் உண்டு, யார் செய்யச் சொன்னார்கள் என்பதற்கு இடமே கிடையாது. அந்தப் பதிவேட்டுக்குக் கட்டம் போட்டதும் நான்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் மேஜைமேல் இருந்த கண்ணாடி உருண்டையை எடுத்துச் சுவரில் எறியலாம் போல இருந்தது. எறியவில்லை. வெளியே வந்து அரிசி டின்னைத் திறந்தேன்.

அசல் ஃப்ளாப்பி பத்திரமாக இருந்தது. அதைப் போட்டு மறுபடி கட்டளை அடித்தேன், ஒரு தடவை சாய்கோடும் ஆரும் போட்டு, ஒரு தடவை இரண்டும் இல்லாமல். பிறகு பிரின்டரில் ஓட்டினேன். அந்தக் காலப் பிரின்டருக்குப் படம் வரையத் தெரியாது. இருட்டான இடத்துக்கு எழுத்தின்மேல் எழுத்தாக நெருக்கி அடிக்கும், வெளிச்சமான இடத்துக்கு ஒரு புள்ளி வைக்கும். கரகரவென்று அரை நாள் அடித்தது. தலைகீழ்ப் படம் ஒன்று, நேர்ப் படம் ஒன்று. இரண்டையும் ஒட்டிச் சுருட்டி எடுத்துக்கொண்டேன். அதிகாரி கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். தடுக்கவில்லை.

விசாரணை அன்று சரியான மழை. பதினோரு குடும்பத்திலிருந்தும் ஆள் வந்திருந்தார்கள், சாக்கை முக்காடாகப் போட்டுக்கொண்டு. நான் லீவு போட்டுவிட்டு அக்காவோடு போனேன். உள்ளே நுழைந்தால் விசாரணை நடத்துகிற வருவாய் அதிகாரிக்குப் பக்கத்து நாற்காலியில் எங்கள் அதிகாரி உட்கார்ந்திருக்கிறார். திட்டத்தின் சார்பில் வந்திருக்கிறாராம். என்னைப் பார்த்ததும் சிரித்தார், சிநேகமாகத்தான்.

அக்கா மடியை அவிழ்த்து, மண்ணோடு பிடுங்கிய பூண்டு பத்துப் பன்னிரண்டை மேஜைமேல் வைத்தார்.

"இது காட்டுல வெளையுமாங்க ஐயா?"

"பூண்டு சந்தையிலயும் கிடைக்கும்மா" என்றார் வருவாய் அதிகாரி. கெட்ட மனுஷன் இல்லை, களைத்துப் போயிருந்தார். "ஏதாவது ஆதாரம் இருந்தாக் கொடுங்க."

"ஒரு தடவ வந்து பாருங்கய்யா. ஒரு மணி நேர நடைதான்."

"பார்த்தாச்சுன்னு எழுதியிருக்காங்களே."

அக்காவுக்குக் குரல் உயர்ந்தது. "சிலோன்ல எங்க பேர அடிச்சு அனுப்புனாங்க. இங்க நெலத்த அடிக்கிறீங்களா? எட்டுப் படி! நானும் எங்க ஊட்டுக்காரரும் கல்லு சொமந்து கட்டுனது!"

நான் முன்னால் போய் இரண்டு காகிதத்தையும் மேஜைமேல் விரித்தேன். ஒன்றைச் சுற்றி மற்றதன்மேல் வைத்துக் காட்டினேன். படம் தலைகீழாக மாறியிருக்கிறது, நேராக வைத்தால் சரிவில் விளைநிலம் தெரிகிறது பாருங்கள் என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நன்றாகவே பார்த்தார். அவருக்குப் புரிந்தது. புரிந்ததை நான் பார்த்தேன்.

"சரி. எப்படித் தலைகீழாச்சு? யார் மாத்தினது?" என்று கேட்டுவிட்டு ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். "எழுதிக் கொடும்மா. யாரு செஞ்சாங்க, எதுக்குச் செஞ்சாங்கன்னு ரெண்டு வரி. கையெழுத்துப் போட்டுக் கொடு. நான் நிறுத்தி வைக்கிறேன்."

தாள் என் முன்னால் இருந்தது. பேனாவும் இருந்தது. மறுபக்கம் எங்கள் அதிகாரி நாற்காலியில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்தபடி இருந்தார். பதிவேட்டில் என் கையெழுத்து. மேலே போயிருக்கிற என் நிரந்தர வேலைக் காகிதம். இரண்டும் அவர் கையில்.

"யாரும் செய்யல சார்" என்றேன். "கம்ப்யூட்டர்ல ஏதோ தப்பு ஆயிருச்சு."

சொல்லிவிட்டேன். என் வாயால், என் காது கேட்க.

வருவாய் அதிகாரி தாளைத் திரும்ப இழுத்துக்கொண்டார். "கம்ப்யூட்டர் தப்புன்னா கம்ப்யூட்டர்காரங்க எழுதித் தரணும்" என்று எங்கள் அதிகாரியைத் திரும்பிப் பார்த்தார். "பரிசீலிக்கிறோம் சார்" என்றார் இவர். அவ்வளவுதான் விசாரணை.

நான் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தேன். மேஜைமேல் இருந்த பூண்டை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டார். ஒன்று உருண்டு என் காகிதத்துக்கு அடியில் போயிருந்தது. அதையும் காகிதத்தைத் தூக்கி எடுத்துக்கொண்டார். மண் மட்டும் மேஜைமேல் கிடந்தது, பியூன் வந்து துணியால் துடைத்தார். வெளியே மழையில் நான் "அக்கா" என்று கூப்பிட்டேன். நின்றார். திரும்பவில்லை.

"கம்ப்யூட்டரு யாரும்மா?" என்று கேட்டார். "அன்னைக்கு என் கையப் பிடிச்சு எங்க கொல்லையக் காட்டுனது அதா?"

தங்கச்சி என்று சொல்லவில்லை. "யாரும்மா" என்றார், யாரோ ஆபீஸ்காரியிடம் பேசுகிற மாதிரி. மறுநாள் ஆபீசைப் பெருக்க வேறு ஒருவர் வந்தார்.

ஒப்படை ரத்தாகி ஆர்டர் வந்தது. ஆபரேட்டர் வாய்மொழியாகக் கூறியதற்கு எழுத்துமூலமான ஆதாரம் இல்லை என்று அதில் ஒரு வரி. அதற்கு மறுவாரம் என்னை நிரந்தரமாக்கியும் ஆர்டர் வந்தது. வீட்டில் பாயசம் வைத்தார்கள். எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். பதினோரு குடும்பமும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போனார்கள். அக்கா வீட்டார் கீழ்மலையில் ஒரு காப்பித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்கலாம் என்று எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்ட் வரை போயிருக்கிறேன். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு ஏறுவது?

மூன்று வருஷம் கழித்து அதே இடத்துக்குப் புதுப் படம் வந்தது. புது ஃபைல், புது முறை. அதற்குள் ஒரு புதுச் சட்டமும் நானே போட்டிருந்தேன். எந்தப் படத்தையும் யார் சொன்னாலும் திருப்ப மாட்டேன். பதிவேட்டில் "சொன்னவர்" என்று ஒரு கட்டம் சேர்த்திருந்தேன். லேபிளில் எது வடக்கு என்று அம்புக்குறி போடாமல் ஒரு ஃப்ளாப்பியும் என் அறையை விட்டு வெளியே போகாது. எல்லோரிடமும் எரிந்து விழுவேன். என்னைக் கண்டாலே ஆபீஸ் பயந்தது.

கட்டளை அடித்தேன். சாய்கோடு இல்லை, ஆர் இல்லை. படம் வரிவரியாக இறங்கி வந்தது, மலையெல்லாம் குழியாக. வடக்கு மேலே, தெற்கு கீழே. மேப்பைப் பக்கத்தில் வைத்து, பள்ளங்கிக்கு அந்தப் பக்கத்துச் சரிவை விரலால் தேடினேன். வெளிறிய திட்டு இல்லை. அந்த இடம் முழுக்க நல்ல அடர் சிவப்பு. சந்தேகப்பட்டு எண்களை எடுத்துப் பார்த்தேன். மூலையை மறுபடி பொருத்திப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. நிலத்தை எடுத்துக்கொண்ட கையோடு எட்டுப் படியிலும் காட்டிலாகாக்காரர்கள் வாட்டில் மரக் கன்றை வைத்துவிட்டார்கள். வாட்டில் எங்கள் மலையில் கிடுகிடுவென்று வளரும், மூன்று வருஷத்தில் தலைக்குமேலே போய் மூடிக்கொள்ளும்.

எங்கள் அதிகாரி பின்னால் வந்து நின்று பழைய மேப்பையும் புதுப் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பாத்தியாம்மா? நம்ம மேப் சரியாத்தான் சொல்லியிருக்கு. நீதான் அன்னைக்குக் கெடந்து குதிச்சே."

மேப்புக்குப் பக்கத்தில் வைக்கிற பட்டியலை டைப்ரைட்டரில் ஏற்றினேன். அந்தச் சரிவுக்கு நேராக "காடு" என்று அடித்தேன். படம் இந்தத் தடவை நேராகத்தான் இருந்தது. பதிவேட்டில் சொன்னவர் என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினேன்.